லேட்டா எழுந்தா சோம்பேறியா?

எங்கள் வீட்டில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. சுவரில் மாட்டியிருப்பதைச் சொல்லவில்லை. அது உப்புக்காற்றில் முள் துருப்பிடித்து, ஐந்தே காலில் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. நான் சொல்வது அப்பா, அம்மா, நான்.

அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர். திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. ராத்திரி முழுக்க மடி போடுவது, இழுப்பது, ஏற்றுவது. நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஒரு குட்டித் தூக்கம். மற்ற ராத்திரிகளில் வீட்டில்தான் படுப்பார். ஆனால் ஒரு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அவருக்குச் சூரியன் கணக்கு கிடையாது, நிலாதான். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்தில் 12 நாள். அதற்கு மேல் எடுப்பதில்லை என்பது இங்குள்ள பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. நீர் வற்றும் நேரம் நாளுக்குக் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும். அதோடு சேர்ந்து எங்கள் வீட்டு உலையும் தள்ளிப் போகும்.

மூன்றாவது கடிகாரம் நான். இ.சி.இ. மூன்றாம் ஆண்டு. காலேஜ் பஸ் பாம்பனுக்கு 6.40க்கு வரும். பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி என்று ஊர் ஊராக நின்று நின்று போய், எட்டே முக்காலுக்கு முதல் பீரியட். ராத்திரி ஒன்றரை வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. படுத்தும் பார்த்தாச்சு, பால் குடித்தும் பார்த்தாச்சு. காலையில் ஐந்தரைக்கு அம்மா எழுப்புவார். எழுப்புகிற வசனம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "பொம்பளப் புள்ள இப்படித் தூங்குனா எந்த வீடு விளங்கும்?" என் தம்பி ஒன்பது மணி வரைக்கும் தூங்கினாலும் அந்த வீடு விளங்கும் போல.

போன செமஸ்டரில் ஆறு நாள் பஸ்ஸை விட்டேன். பஸ்ஸை விட்டால் முதல் இரண்டு பீரியடும் போச்சு. ஒரு பாடத்தில் அட்டெண்டன்ஸ் 71 சதவீதம். அறைக்குக் கூப்பிட்டார்கள். அட்டெண்டன்ஸைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார்கள், ஒழுக்கத்தைப் பற்றி இருபது நிமிஷம். "நாலு மணிக்கு எழுந்திரிக்கிறவன்தான்மா உருப்படுவான். கலாம் ஐயா ஊர்ல பொறந்துட்டு இப்படி இருக்கியே." கலாம் ஐயா விடியற்காலையில் எழுந்து கணக்கு டியூஷனுக்குப் போனதும், பிறகு பேப்பர் போட்டதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தாலாட்டு மாதிரி கேட்டு வளர்ந்த கதை. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாலு மணியைக் குணத்தின் அளவுகோலாக மாற்றியவர்கள் மேல்தான் வருத்தம். எழுகிற நேரத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். தேடிப் போன இடத்தில் கிடைத்தது ஒழுக்கம் இல்லை, புரதம். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு புரதம் எவ்வளவு வேகமாக உடைக்கப்படுகிறது என்ற கணக்கு.

இ.சி.இ. ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரிங் ஆஸிலேட்டர் ஞாபகம் இருக்கா? ஒற்றைப்படை எண்ணிக்கையில் இன்வெர்ட்டர்களை வட்டமாகக் கட்டினால், வெளியே வருவது திரும்ப உள்ளே போய்த் தன்னையே மறுக்கும். மறுப்பு உடனே வந்தால் ஆட்டம் இல்லை. கொஞ்சம் தாமதமாக வந்தால் ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். எதிர்மறைப் பின்னூட்டம், கூடவே தாமதம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருப்பது கிட்டத்தட்ட இதே சர்க்யூட்தான். கிளாக், பிமால்-1 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து பெர், கிரை என்ற ஜீன்களை இயக்குகின்றன. அந்த ஜீன்களில் இருந்து பெர், கிரை புரதங்கள் மெல்ல மெல்லத் தயாராகின்றன. போதுமான அளவு சேர்ந்ததும் செல்லின் கருவுக்குள் நுழைந்து, தங்களை உண்டாக்கிய கிளாக்-பிமால் ஜோடியையே மடக்கிப் போடுகின்றன. உற்பத்தி நிற்கிறது.

இங்கேதான் கதையின் முக்கால்வாசி இருக்கிறது. உற்பத்தி நின்றால் மட்டும் போதுமா? ஏற்கெனவே தயாரான பெர், கிரை புரதங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தால் ஜீன் எப்போதும் அணைந்தே கிடக்கும். சர்க்யூட் லாட்ச் ஆகிவிடும். மறுநாள் என்பதே வராது. எனவே அந்தப் புரதங்களை யாராவது அழிக்க வேண்டும். அழிப்பதையும் கண்டபடி செய்யக் கூடாது. சீக்கிரம் அழித்தால் நாள் குறையும், தாமதித்தால் நாள் நீளும். கப்பாசிட்டர் எவ்வளவு வேகத்தில் டிஸ்சார்ஜ் ஆகிறதோ அதுதான் அலைவரிசையைத் தீர்மானிக்கும் என்று முதல் வருஷ லேபிலேயே பார்த்தோமே, அதே கதை. நம் உடம்பின் 24 மணி நேரம் எதையோ கட்டி எழுப்புவதில் மட்டும் நடக்கவில்லை. கட்டியதை ஒழுங்கான வேகத்தில் இடிப்பதிலும் நடக்கிறது.

இடிப்பு வேலை எப்படி நடக்கிறது என்பதை எங்கள் பக்கத்துக் கோயில் கொடையை வைத்துச் சொல்கிறேன். கிடாயைக் கொண்டு வந்த உடனே வெட்டிவிட மாட்டார்கள். முதலில் மஞ்சத்தண்ணி தெளிப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்துத் துளுக்குகிற வரைக்கும் எல்லாரும் காத்திருப்பார்கள். மாலை விழும். அதற்குப் பிறகுதான் அருவா. செல்லுக்குள்ளும் இந்த வரிசை உண்டு. கேசின் கைனேஸ்-1 என்ற நொதி பெர் புரதத்தின் மேல் பாஸ்பேட்டைத் தெளிக்கிறது. ஒரே தெளிப்பில் முடிவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களில், மணிக்கணக்கில் நடக்கும். சரியான இடத்தில் பாஸ்பேட் விழுந்ததும் இன்னொரு கூட்டம் வந்து யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலச் சின்னப் புரதத்தைக் கோத்து மாலையாகப் போடும். மாலை விழுந்த புரதத்தை புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரம் உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக வெட்டும். இந்த மாலை போடும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்குத்தான் சிகானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நம் சர்க்யூட்டில் வரும் தாமதத்தின் பெரும்பகுதி, கிடாய் துளுக்குவதற்காகக் காத்திருக்கிற நேரம்தான்.

இது வெறும் உவமை இல்லை என்பதற்குச் சாட்சிகள் வரிசையாக இருக்கின்றன. 1971-இல் கலிஃபோர்னியாவில் கொனோப்கா, பென்சர் இருவரும் பழ ஈக்களில் மூன்று விசித்திரங்களைக் கண்டார்கள். ஒரு ஈக்கு நாள் 19 மணி நேரம். ஒன்றுக்கு 28 மணி நேரம். மூன்றாவதற்கு நாள் என்பதே கிடையாது, கண்ட நேரம் தூங்கும், கண்ட நேரம் பறக்கும். மூன்றிலும் கெட்டிருந்தது ஒரே ஜீன். அதற்கு வைத்த பெயர் பீரியட். (முதல் பீரியடால் அடிபட்ட எனக்கு இந்தப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.) அந்த ஜீனைப் பிரித்தெடுத்து மேலே ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல். இதில் யங்கின் குழு 1998-இல் கண்டுபிடித்ததுதான் நமக்கு முக்கியம். டபுள்டைம் என்ற இன்னொரு ஜீன். அது உண்டாக்கும் கைனேஸ்தான் பெர் புரதத்தை அழிவுக்குக் குறி வைக்கிறது.

வெள்ளெலிக் கதை இன்னும் சுவாரசியம். 1988-இல் ரால்ஃப், மெனாக்கர் என்ற இருவருக்கு ஆய்வுக்கு வந்த வெள்ளெலிகளில் ஒன்று மட்டும் 22 மணி நேர நாள் வாழ்ந்தது. அதன் வம்சத்தில் கெட்ட ஜீன் இரண்டு பக்கமும் சேர்ந்த எலிகளுக்கு நாள் 20 மணி நேரம். கெட்டது எந்த ஜீன் என்று கண்டுபிடிக்க 2000 ஆகிவிட்டது. அதே கேசின் கைனேஸ்தான். 2007-இல் எதிர்த்திசையில் இரண்டு சுண்டெலி வகைகள் வந்தன. ஒன்றின் பெயர் ஓவர்டைம், நாள் சுமார் 26 மணி நேரம். இன்னொன்றின் பெயர் ஆஃப்டர்ஹவர்ஸ், சுமார் 27 மணி நேரம். இரண்டிலும் பழுது ஒரே இடத்தில்: கிரை புரதத்துக்கு மாலை போடுகிற எஃப்.பி.எக்ஸ்.எல்-3. மாலை போடுகிறவன் மெத்தனமாக இருந்ததால் கிரை நீடித்தது. கிரை நீடித்ததால் நாள் நீண்டது. அந்தச் சுண்டெலிகளை யாராவது அறைக்குக் கூப்பிட்டு ஒழுக்கம் பேசியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மனிதர்களிலும் இது உண்டு. அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு குடும்பம். அதில் பலருக்குச் சாயங்காலம் ஏழரைக்கே கண் சொக்கும். காலை நாலரைக்கு முழித்துக்கொள்வார்கள். அலாரம் வேண்டாம், அம்மா வேண்டாம். 2001-இல் காரணம் தெரிந்தது: பெர்-2 புரதத்தில் 662-ஆவது இடத்தில் செரின் இருக்க வேண்டியதற்குப் பதில் கிளைசின். பாஸ்பேட் ஒட்ட வேண்டிய ஒரு இடம் போய்விட்டது. "பாஸ்பேட் போனால் அழிவு குறையணுமே, அவங்க நாள் நீளணுமே?" என்று கேட்டால் நீங்கள் கவனமாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். விஷயம் என்னவென்றால், பெர்-2 மேல் இரண்டு வகை இடங்கள் இருக்கின்றன. ஒரு இடத்தில் பாஸ்பேட் விழுந்தால் காவல். இன்னொரு இடத்தில் விழுந்தால் காவு. அந்தக் குடும்பத்தில் போனது காவல் இடம். அதனால் கைனேஸ் நேராகக் காவு இடத்துக்குப் போய்விட்டது. பெர் சீக்கிரம் அழிந்தது, நாள் முன்னால் நகர்ந்தது.

இந்தக் காவல்-காவு ஏற்பாட்டுக்கு இன்னொரு பயனும் இருப்பதை 2015-இல் சிங்கப்பூரில் விர்ஷப் குழு காட்டியது. சூடு ஏறினால் எல்லா ரசாயன வினையும் வேகமாகும், அப்படியென்றால் நம் கடிகாரமும் ஓட்டம் பிடிக்க வேண்டும். ஆனால் பிடிக்காது. சூடு ஏற ஏறத் தராசு காவல் பக்கம் சாய்ந்து அழிவைச் சமன் செய்கிறது. வெப்ப ஈடு கொண்ட கிரிஸ்டல் ஆஸிலேட்டருக்குத் தனியாக விலை கொடுத்து வாங்குகிறோம். உடம்பு அதை இரண்டு பாஸ்பேட் இடங்களை வைத்தே முடித்துவிட்டது. இதைப் படித்த அன்று ராத்திரியும் எனக்கு ஒன்றரை வரைக்கும் தூக்கம் வரவில்லை, ஆனால் அன்றைக்கு அது சந்தோஷத்தில்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் உயிர்க்கடிகார ஆராய்ச்சி வேர் பிடித்த இடங்களில் முக்கியமானது நம் மதுரை. காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் என்று ஒருவர் இருந்தார். அவருடைய முதல் ஆராய்ச்சியே கடற்கரையில்தான். சென்னையில் டாக்டர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்டது எமெரிட்டா ஏஷியாட்டிகா, அலை பின்வாங்கும்போது மணலுக்குள் பொதுக்கென்று புதையுமே, அந்தச் சின்ன நண்டு வகை. நீங்களும் பிடித்து விளையாடியிருப்பீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு போய், அலையும் ஓதமும் இல்லாத ஆய்வுக்கூடத் தண்ணீரில் விட்டார். கடலில் நீர் ஏறி இறங்கும் நேரத்தை ஒட்டியே அது தொடர்ந்து சுறுசுறுப்பாகிக்கொண்டும் அடங்கிக்கொண்டும் இருந்தது. கடலை விட்டுப் பிரித்தாலும் கடல் உள்ளேயே ஓடுகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்குப் போயி டாக்டர் பட்டமா? எங்கள எல்லாம் கேட்டிருந்தா நாங்களே சொல்லிருப்பமே" என்றார். பாசிக்குப் போகாத நாட்களில்கூட நீர் வற்றும் நேரம் அம்மாவுக்குத் தெரியும். அது அனுபவமா, உடம்பா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

மதுரையில் அவர் குழு வௌவால்களைப் பிடித்துக்கொண்டது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வை நான் நாலு பேருக்காவது சொல்லியிருப்பேன். வெளிச்சமே எட்டாத குகை. கூண்டுக்குள் ஒரு வௌவால். அதைச் சுற்றி அதன் கூட்டம் தினமும் சாயங்காலம் வெளியே போய், விடிவதற்குள் திரும்பும். கூண்டு வௌவால் சூரியனைப் பார்க்காமலே கூட்டத்தின் நேரத்தைப் பிடித்துக்கொண்டு சிறகடித்தது. கூட்டம் இல்லாத குகையில் தனியாக விட்டால் அதன் நாள் 24 மணியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. ஆக, கூட இருக்கிறவர்களும் ஒரு கடிகாரம்தான். மனிதர்களுக்காகவும் பல்கலைக்கழகத்தில் ஒரு தனிமை அறை அமைத்தார்கள். கடிகாரம், பகல் வெளிச்சம், பேப்பர் எதுவும் இல்லாமல் தன்னார்வலர்கள் நாள்கணக்கில் உள்ளே இருந்தார்கள். நமக்கும் உள்ளே ஒரு நாள் ஓடுகிறதா என்று பார்க்க வேறு வழியில்லை.

ஓடுகிறது. 1999-இல் ஹார்வர்டில் கவனமாக அளந்தபோது மனிதர்களின் உள்நாள் சராசரியாக 24.18 மணி நேரம் என்று வந்தது. அதாவது 24 மணி, 11 நிமிஷம். தினமும் இந்த 11 நிமிஷத்தை யாராவது திருத்த வேண்டும். திருத்துவது வெளிச்சம். கண்ணில் பார்வைக்கான செல்கள் தவிர வெளிச்சத்தை மட்டும் உணர்கிற தனிச் செல்கள் இருக்கின்றன. அவை மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட தலைமைக் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்பும். அங்கே பெர் ஜீன் புதிதாக உசுப்பப்படும். (ஈக்களில் இது இன்னும் நேரடி. வெளிச்சம் பட்டதும் பெரின் ஜோடிப் புரதமான டிம் அழிக்கப்படும்.) காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், ராத்திரி வெளிச்சம் பின்னால் தள்ளும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரீல்ஸ் பார்க்கிற நாம் எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் வயசு. சின்ன வயசில் சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழுகிற உடம்பு, பதின்ம வயது முழுக்கப் பின்னால் போய்க்கொண்டே இருந்து, சுமார் 20 வயதில் உச்சத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் திரும்பும். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களின் தூக்க நேரத்தை வாங்கிப் பார்த்து ரோனபெர்க் குழு 2004-இல் இதை வரைந்து காட்டியது. 20 வயசில் நாம் எங்கே இருக்கிறோம்? காலேஜில். அதாவது வாழ்க்கையிலேயே உடம்பு மிகத் தாமதமாக ஓடுகிற வருஷங்களில்தான் நமக்கு ஜீரோ ஹவர், ஏழரை மணி பிளேஸ்மென்ட் கோச்சிங், எட்டே முக்கால் இன்டர்னல் எல்லாம். அட்டவணை போடுகிறவர்களுக்கு வயசு ஐம்பது. அவர்கள் உடம்புக்கு ஆறு மணி இனிக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை, தங்கள் கடிகாரத்தை எங்கள் கையில் கட்டுகிறார்கள்.

இப்போது என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் நீங்கள் சொல்வீர்கள். எனக்கு ஆஃப்டர்ஹவர்ஸ் சுண்டெலியின் ஜீன் என்று நான் சொல்லவில்லை. அது அரிது. என் ஒன்றரை மணியில் ஜீன் கொஞ்சம், வயசு கொஞ்சம், போன் நிறைய. போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு பரிசோதனை செய்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் படகு போகாது, அப்பா வீட்டில். எனக்கும் அதில் கொஞ்ச நாள் ஸ்டடி ஹாலிடேஸ். பத்து மணிக்குப் போனை அம்மாவின் அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு மொட்டை மாடியில் படுத்தேன். காலை வெயில் முகத்தில் அடிக்கும்போது எழுந்தேன். இரண்டு வாரத்தில் என் தூக்கம் ஒன்றரையில் இருந்து பதினொன்றே முக்காலுக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. ஆக, ஒரு பங்கு என் கையில். மீதி என் கையில் இல்லை. 'எல்லாம் மனசுல இருக்கு' என்கிறவர்களும், 'எல்லாம் ஜீன்' என்கிறவர்களும் இரண்டு பக்கமும் தப்பு.

அந்த இரண்டு வாரத்தில் நான் கவனித்தது என்னை விட அப்பாவை. முதல் வாரம் வழக்கம்போல ஒரு மணிக்குத் திண்ணை. பத்து நாள் கழித்து ஒன்பது மணிக்குப் படுத்தவர் நாலரைக்குத்தான் எழுந்தார், நடுவில் முழிப்பே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் எரிச்சல்கூட இல்லை. அப்பா சோம்பேறி என்று ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை, ஆனால் கரை வந்த நாளில் மத்தியானம் தூங்கினால் "பகல்ல என்ன தூக்கம்" என்று அப்பத்தா திட்டும். வாரத்தில் மூன்று ராத்திரி விழிப்பு, நாலு ராத்திரி வீடு. எந்த நேரத்தைப் பிடிப்பது என்று உடம்புக்கே தெரியாது. ஒரே இரவு வேலையில் நிரந்தரமாக இருப்பதைவிட, மாறி மாறிப் போவதில் கடிகாரம் எங்கும் நிலைகொள்வதில்லை. ஈரல் ஒரு நேரம், மூளை ஒரு நேரம். ராத்திரி வேலை, உடம்பின் நாளைக் குலைப்பதால் புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியம் அதிகம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் மறுபடியும் உறுதி செய்தது. தூக்கம் குலைந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கஷ்டம். அப்பாவுக்கு நாலு வருஷமாகச் சர்க்கரை. டாக்டர் சாப்பாட்டைக் கேட்டார், நடையைக் கேட்டார். எத்தனை ராத்திரி கடலில் என்று கேட்கவில்லை.

இது கடலோரக் கதை மட்டும் இல்லை. இந்த இதழைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இன்னும் ஒன்றரை வருஷத்தில் ஓ.எம்.ஆரில் அமெரிக்க ஷிஃப்டில் உட்காரப் போகிறீர்கள். ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்க்கும்போது ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும் என்பதையும் பாருங்கள். அது எச்.ஆரிடம் கேட்க வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை.

காலேஜுக்கு வருகிறேன். வகுப்பைப் பத்து மணிக்கு வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் முதலில் நினைத்தேன். சாயல்குடிப் பக்கத்தில் இருந்து வருகிற என் தோழி ஒரே வரியில் கவிழ்த்துவிட்டாள். "அப்ப சாயங்காலம் ஆறரைக்கு விட்டா நான் எட்டரைக்கு இருட்டுல இறங்கணும். எங்க வீட்ல படிப்பையே நிறுத்திருவாங்கடி." அவள் சொல்வது நியாயம். அதனால் நான் கேட்பது சின்னதுதான். ஜீரோ ஹவரை எடுங்கள். அதில் பாதிப் பேர் தூங்குகிறோம், மீதிப் பேர் தூங்காதது போல நடிக்கிறோம். இன்டர்னல் தேர்வை முதல் பீரியடில் வைக்காமல் பதினொரு மணிக்கு வையுங்கள். விழிக்காத மூளையிடம் கேள்வி கேட்டுவிட்டு அதைத் திறமை என்று மார்க் போடாதீர்கள். பஸ் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்ப வழி இருக்கிறதா என்று ஒருமுறையாவது ரூட் மேப்பை எடுத்துப் பாருங்கள். பாம்பனில் இருந்து எல்லா ஊரும் சுற்றுகிற ஒரே பஸ்ஸுக்குப் பதில் இரண்டாகப் பிரித்தால் பத்து கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன். அட்டெண்டன்ஸ் குறைந்தால் அபராதம் போடுங்கள், அது விதி. ஆனால் ஒழுக்கப் பிரசங்கத்தை மட்டும் அதோடு இலவசமாகச் சேர்க்க வேண்டாம்.

இந்த மூன்று கோரிக்கையையும் எழுதி, 140 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். கையெழுத்துப் போட்டவர்களில் விடியற்காலைக் கட்சிக்காரர்களும் நிறையப் பேர். ஐந்து மணிக்குத் தானாக முழித்துக்கொள்கிற என் பெஞ்ச்மேட், "எனக்கு மத்தியானம் லேப்ல தலை சுத்துது, அதையும் சேர்த்து எழுது" என்றாள். அதையும் சேர்த்தோம்.

நேற்று பதில் வந்தது. பேச அழைத்திருக்கிறார்கள். வருகிற திங்கள்கிழமை, ஜீரோ ஹவரில். அப்பாவுக்கு அன்றைக்குக் கடல். கிளம்பும்போது என்னையும் எழுப்பிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.